ஆட்டு மணியும் அம்மாவின் கையும்

எங்கள் குடும்பத்தில் சும்மா இருப்பது எப்படி என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு அறவே தெரியாது. உட்கார்ந்தால் கை எதையாவது தேடும். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் கிடக்கும் துணியை மடிப்பாள், மடித்தது கோணலாக இருக்கிறது என்று உதறி மறுபடி மடிப்பாள். பஸ்ஸில் போனால் முன்சீட்டுக் குழந்தையின் அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிடுவாள். அந்தக் குழந்தையின் அம்மா திரும்பி முறைத்தாலும் கண்டுகொள்ள மாட்டாள். எனக்கும் அந்த வியாதி தொற்றியிருக்கிறது. இதை எழுத உட்கார்ந்த பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவளிடம், வலது கையை ஆட்டாமல், முக்கியமாகத் திருப்பாமல், ஆறு வாரம் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அந்த ஆறு வாரமும் எங்கள் வீடு பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் அம்மாவின் கைப்பக்கம் கண் போய்விடுகிறது.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. ஷூ கம்பெனிகள் ஊரைச் சுற்றி நின்றாலும், கைவேலையில் பாதி எங்கள் தெரு மாதிரித் தெருக்களில்தான் நடக்கும். ஷூவின் மேல்பாகத்துக்கு அப்பர் என்று பேர். அதில் விரல்களைச் சுற்றி வரும் தோலையும் மேலே மூடும் தோலையும் சேர்த்துக் கையால் தைக்க வேண்டும். ஏஜென்ட் அண்ணன் மொபெட்டில் பண்டில் பண்டிலாகக் கொண்டுவந்து இறக்குவார். சமையல் முடிந்ததும் பெண்கள் வாசலுக்கு வந்து, மடியில் அப்பரை வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பிப்பார்கள். மெழுகு போட்ட நூலின் இரண்டு முனையிலும் ஊசி. இரண்டு ஊசியையும் ஒரே ஓட்டையில் எதிரெதிராக விட்டு, நூலைக் கைகளில் சுற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் விரித்து இழுக்க வேண்டும். இழுக்கிற ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு ஒரு திருகு திருகும். ஒரு ஜோடி ஷூவுக்கு எத்தனை திருகு என்று நான் எண்ணியதில்லை. எண்ணி முடிக்கிறவரை ஒரே இடத்தில் உட்கார எனக்கு ஏது பொறுமை.

அம்மாவின் இழுப்புக்குத் தெருவில் பேர் இருந்தது. தளர்வும் இருக்காது, சுருக்கமும் விழாது. ஏஜென்ட் அண்ணன் மற்றவர்களின் பண்டிலைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பார். அம்மாவுடையதைப் பார்க்காமலே கட்டி வண்டியில் வைப்பார். அவர் அப்படிப் பார்க்காமல் வைக்கிறபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்பா வாங்கித் தந்த எந்தப் புடவைக்கும் அந்த முகம் வந்து நான் கண்டதில்லை.

தண்ணீர் லாரி வந்த ஒரு நாள், குடத்தோடு ஓடியவள் ஈரத்தில் வழுக்கி உள்ளங்கையை ஊன்றி விழுந்தாள். எழுந்ததும் முதலில் குடத்தைத்தான் பார்த்தாள். குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கை கொஞ்சம் வீங்கியது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முழுசாக இருந்தது, ஒன்றும் இல்லை என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த 'ஒன்றும் இல்லை' எங்கள் வீட்டில் வந்து குடியேறிவிட்டது. அப்பா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் எலும்பு எவ்வளவு நேராக இருக்கிறது என்று காட்டினார். எங்கள் தெருவில் எலும்பு உடைந்தால் மரியாதை உண்டு. மாவுக்கட்டைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், ஆரஞ்சுப் பழம் வரும். எலும்பு உடையாமல் வலிக்கிறது என்றால், வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்று அர்த்தம். ஆகவே அம்மா தைத்தாள். பூட்டில் சாவியைத் திருப்பும்போது உதட்டைக் கடித்தாள். துணி பிழியும்போது பாதியில் நிறுத்திச் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டாள். ஒரு நாள் பருப்புச் சட்டியைச் சாய்த்து ஊற்றும்போது கை தானாக விட்டுவிட்டது. சட்டி கனமே இல்லை. தரையெல்லாம் பருப்பு. அப்பா அன்றைக்குத்தான் எக்ஸ்ரேயை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, எந்த விஷயத்துக்கும் ஒரு ஆளைத் தெரிந்து வைத்திருப்பார். எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் அம்மாவைக் கூட்டிப்போனார். நானும் தொற்றிக்கொண்டேன். அந்தப் பெரியவர் எண்ணெய் தடவி, விரல் விரலாகப் பார்த்துக்கொண்டே வந்து, சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டின் பள்ளத்தில் ஒரு அழுத்து அழுத்தினார். அம்மா சத்தம் போடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது. அவர் கையை எடுத்துவிட்டுத் துண்டில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

"எலும்பு நல்லாத்தாம்மா கீது. இது உள்ள இருக்கிற சவ்வு. நான் இறுக்கிக் கட்டுனா கெடுத்துடுவேன். வேலூருக்குப் போங்க."

மாமாவுக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம், "முன்ன மாதிரி இல்ல அவரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் மருத்துவர். அவசரமே இல்லாமல் பேசினார். எனக்குக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. நாற்காலியின் கைகளில் உள்ளங்கையை ஊன்றி எழுந்திருக்கச் சொன்னார். அம்மா பாதி எழுந்து, உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். பெரிய குழாய்க்குள் படுக்கவைத்து ஆடக் கூடாது என்று சொன்னார்களாம். அம்மா ஆடிவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார்கள். வெளியே வந்து, "மூக்கு அரிச்சா இன்னா பண்ணுவாங்களாம்?" என்று எங்களிடம் கோபித்துக்கொண்டாள்.

மருத்துவர் தன்னுடைய கையையே நீட்டி விளக்கினார். முன்கையில் இரண்டு எலும்பு. கையைத் திருப்பும்போது ஒன்றின் மேல் மற்றொன்று புரளும். சுண்டுவிரல் பக்கம், அந்த இரண்டையும் பிரியாமல் பிடித்துக்கொள்ள நார் இருக்கிறது. அதோடு சேர்ந்து மெத்தை மாதிரி ஒரு சின்னக் குருத்தெலும்பு. அம்மாவுக்குக் கிழிந்திருப்பது அங்கே.

"எக்ஸ்ரேல எலும்பு மட்டும்தாம்மா தெரியும். இது தெரியாது. வலி நிஜம்தான்."

அம்மா தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் இருந்த காலண்டரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அது போன மாதத்துத் தாள்.

சேருமா என்று அம்மா கேட்டாள். மற்ற எதையும் கேட்கவில்லை. மருத்துவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அந்தக் குருத்தெலும்பின் ஓரத்தில் ரத்த ஓட்டம் உண்டு. ஓரத்தில் கிழிந்தால், அசைக்காமல் வைத்திருந்தால், சேர வாய்ப்பு அதிகம். நடுவில் ரத்தம் போகாது; அங்கே கிழிந்தால் தானாகச் சேராது. அம்மாவுக்கு ஓரத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் நடுப்பக்கம் போயிருக்கிறது. ஆறு வாரம் பட்டை போட்டுப் பார்க்கலாம். சேராவிட்டால் சின்ன ஓட்டை போட்டுச் செய்கிற ஆபரேஷன் இருக்கிறது. அதற்கு இப்போது அவசரம் இல்லை. அதுவரை தைக்கக் கூடாது, பிழியக் கூடாது, எதையும் திருகக் கூடாது.

நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து இதைக் கேட்டோம். ஆம்பூர் பஸ்ஸில் ஏறியபோது எங்களிடம் நான்கு வியாதிகள் இருந்தன. "சேர்ந்துடும்னு சொல்லிட்டாங்க, விடு" என்றார் அப்பா. ஆபரேஷன்தான், அதை நேராகச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறார்கள் என்றார் மாமா. கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றாள் அம்மா. எனக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவது ஞாபகம் வந்தது. தெருவின் இரண்டு முனையிலும் நின்று ஊற்றிவிட்டுப் போய்விடும். நடுவில் இருக்கிறவர்கள் குடத்தோடு ஓடியாக வேண்டும். எங்கள் வீடு நடுவில்தான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. 

உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை, ஒட்டிப் பிரிக்கிற பட்டைகள் வைத்த ஒரு கடினமான உறை. குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். அதைப் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான், உலகத்தில் பாதி வேலை திருகுகிற வேலை என்று எங்களுக்குத் தெரிந்தது. குழாய், ஊறுகாய் ஜாடி, அடுப்புக் குமிழ், ஜன்னல் கொக்கி, என் தலைப்பின்னல். அம்மா எல்லாவற்றையும் இடது கையால் செய்ய முயன்று, பாதியில் பொறுமை இழந்து, வலது கையைக் கொண்டுவந்துவிடுவாள். அப்பா கத்துவார். "நான் இன்னா வேணும்னா பண்றேன்? கை தானா போவுது" என்பாள். அது உண்மைதான். சமையல்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள், எழுந்துவிடுவாள். வாசலில் மற்றவர்கள் தைக்கும் சத்தம் வந்தால் உள்ளே போய்விடுவாள், உள்ளேயும் இருப்புக் கொள்ளாமல் திரும்பி வருவாள். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் தூக்கத்தில் கால் உதைத்தது.

அப்பா வேலை செய்தது இரும்புக் கடையில். எந்தக் குழப்பத்துக்கும் ஒரு ஆணியோ கொக்கியோ போதும் என்பது அவர் நம்பிக்கை. அப்போது பக்ரீத் முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. எதிர்வீட்டுக் காலாவின் ஜன்னல் கம்பியில், அவர்கள் வளர்த்த ஆட்டின் கழுத்து மணி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. காலா என்றால் அவர்கள் உருதுவில் அம்மாவின் கூடப்பிறந்தவள். தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் காலாதான். அப்பா அந்த மணியைக் கேட்டு வாங்கிவந்து, அம்மாவின் கை உறையில் கட்டிவிட்டார். கை திரும்பினால் மணி அடிக்கும். அடித்தால் நான் ஓடிப்போய்ப் பார்த்து, அப்பா வந்ததும் சொல்ல வேண்டும். மணிக்கட்டு என்று பேர் வைத்தவன் இதை முன்னாலேயே யோசித்திருக்கிறான் என்று மாமா பெரிய ஜோக் சொன்ன மாதிரிச் சிரித்தார்.

எனக்கு வாழ்க்கையில் முதல் உத்தியோகம் அதுதான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மணி அடிக்கும். ஓடுவேன்.

"கொசு ஓட்டுனேன்டி."

மறுபடி அடிக்கும்.

"தும்முனேன். தும்மக் கூடாதா உங்க அப்பா ராஜ்ஜியத்துல?"

பால்காரர் வந்தால் அடிக்கும், குக்கர் விசில் போட்டால் அடிக்கும். காலா எதிர்ப்பக்கம் இருந்துகொண்டு, "உங்க வூட்ல ஆடு வளக்குறீங்களா?" என்று கேட்பார். அம்மாவும் சிரிப்பாள். ஆனால் அவளுக்கு அது பேஜாராகத்தான் இருந்தது. மணி அடித்துவிடுமோ என்று கையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, யார் வீட்டுக்கோ விருந்தாளியாக வந்தவள் மாதிரிச் சொந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

கை இப்படி இருக்க, பண்டில் காத்திருக்காது. இரண்டு முறை தொடர்ந்து வாங்காமல் விட்டால் அந்தப் பேருக்கு வரும் பண்டில் வேறு ஆளுக்குப் போய்விடும். போனது திரும்பாது, வேலை கேட்டு ஆள் நிறைய. இதற்குத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பிரசவம், காய்ச்சல் என்றால், மற்றவர்கள் அவளுடைய பண்டிலில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தைத்து, அவள் பேரிலேயே கொடுத்துவிடுவார்கள். காலாவும் பக்கத்து வீட்டு அக்காவும் அம்மாவின் பண்டிலை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். தோலைப் பார்த்தால் அம்மாவின் கை சும்மா இருக்காது என்று, பண்டிலை வீட்டுக்குள்ளேயே விடாமல் அப்பாவே வாசலில் பிரித்து, அவரே பங்கு போட்டுக் கொடுத்தார்.

அங்கேதான் இரும்புக் கடைப் புத்தி வேலை செய்தது. கடையில் எதுவும் கலக்கக் கூடாது. வலது கீல் வலது பெட்டியில், இடது கீல் இடது பெட்டியில். அப்பா இடது கால்களையெல்லாம் ஒரு மூட்டையாகவும் வலது கால்களையெல்லாம் ஒரு மூட்டையாகவும் அழகாகப் பிரித்தார். இடது மூட்டை காலாவுக்கு. வலது மூட்டை பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அக்கா கேட்டிருக்கிறார்: "எல்லாம் வலதா இருக்கே, அண்ணே?" அப்பா பெருமையாக, கலக்காமல் இருக்கத்தான் அப்படி என்று சொல்லியிருக்கிறார். அம்மா சொல்லித்தான் செய்கிறார், இதில் ஏதோ கணக்கு இருக்கும் என்று இரண்டு பேரும் தைத்து முடித்துவிட்டார்கள்.

ஒரு ஜோடியை ஒரே கைதான் தைக்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் எனக்குக்கூடத் தெரியும். ஒவ்வொரு கைக்கும் ஒரு இழுப்பு. காலாவின் கை இரும்பு. தோல் சுருங்கச் சுருங்க இழுப்பார். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பூங்கை. வழக்கம்போலப் பார்க்காமலே கட்டிக்கொண்டு போன ஏஜென்ட் அண்ணன், மறுநாள் சாயங்காலம் அந்த மூட்டையோடு திரும்பி வந்து, ஒரு ஜோடியை எடுத்து வாசல்படியில் வைத்தார். ஒரு கால் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது, ஒரு கால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு கால் சண்டைக்குப் போவுது, ஒரு கால் தூங்கப் போவுது. இத்த எவன் போடுவான், அண்ணி?"

அம்மா சிரித்தாள். பல நாள் கழித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மணி விடாமல் அடித்தது. பிறகு ஏஜென்ட் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். நாளைக்குச் சாயங்காலம் லாரி ஏறுகிறது. ஏறவில்லை என்றால் அம்மா பேரை எடுத்துவிடுவார்கள், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

அவர் போனதும் வீட்டுக்குள் சண்டை. பேர் போனால் போகட்டும், கை முக்கியம் என்றார் அப்பா. அவர் சொன்னது சரிதான். ஆனால் இடது வலது பிரித்தவர் அவர் என்பதால் அவர் குரல் மேலே ஏறவில்லை.

"போவட்டும்னு நீங்க சொல்லிடுவீங்க. அது ஒண்ணுதான் என்னுது. அதுவும் போச்சுன்னா நான் இன்னா பண்ணட்டும்? காலம்பூரா இந்தக் கைய வேடிக்கை பாத்துக்கினு உக்காரட்டுமா?"

அம்மா அழுதாள். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மணி அடிக்கவில்லை. அப்பா வெளியே போய் வாசலில் நின்றார்.

மறுநாள் அப்பா லீவு போட்டார். எனக்கும் லீவு. பிரிப்பதற்கு இழுப்பு தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். அந்தப் பொறுமை எங்கள் மூன்று பேரிடமும் இல்லை. ஆனாலும் அப்பாவும் மாமாவும் நானும் வாசலில் உட்கார்ந்து, தோல் கிழியாமல் நூலை நறுக்கி உருவினோம். காலாவும் பக்கத்து வீட்டு அக்காவும் தங்கள் பண்டிலுக்கு நடுவே, இந்த முறை ஜோடி ஜோடியாக, எங்களுடையதை எடுத்துத் தைத்தார்கள். அவர்கள் பண்டிலும் அதே லாரிக்குத்தான் போக வேண்டும். அம்மாவை உள் அறையில் படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார் அப்பா. காதை அந்தப் பக்கமே வைத்திரு என்று எனக்கு உத்தரவு.

வைத்திருந்தேன். காலா அடிக்கடி பின்பக்கமாக, துணி போடும் கூடையோடு அம்மாவைப் பார்க்கப் போய்வந்தார். அம்மாவுக்குத் தலைவலியாம், எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதாகச் சொன்னார். அப்பா நடுவில், "மணி அடிச்சுதா?" என்று கேட்டார். "அடிக்கவே இல்ல" என்றேன். அது சத்தியமான உண்மை. காலையிலிருந்து ஒரு சின்னக் கிணுக்குக்கூட வரவில்லை. அப்பா மாமாவைப் பார்த்து, தன் கண்டுபிடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

சாயங்காலம் பார்த்தால் மூட்டை முழுசாகத் தயாராக இருந்தது. காலாவின் கை இவ்வளவு வேகமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஏஜென்ட் அண்ணன் வந்து மூட்டையைப் பிரித்தார். மேலே இருந்த ஜோடியை எடுத்துப் பார்த்தார், தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். இன்னொரு ஜோடி பார்த்தார். இன்னொன்று எடுத்ததும் கை நின்றது. நிமிர்ந்து எங்கள் வீட்டு உள்ளே பார்த்தார், காலாவைப் பார்த்தார். பிறகு மீதியைப் பார்க்காமலே கட்டி வண்டியில் வைத்தார். அம்மா ஜன்னலில் நின்றிருந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. காலா தைத்ததற்கு அம்மாவுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகும் மணி அடிக்கவே இல்லை, அம்மா கையை அடக்கப் பழகிவிட்டாள் என்று அப்பா சொல்லிக்கொண்டார். ஆறு வாரம் ஒரு வழியாக முடிந்தது. வேலூருக்குக் கிளம்பும்போது அப்பா மணியை அவிழ்த்து என்னிடம் கொடுத்து, காலாவிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். ஆட்டிக்கொண்டே ஓடலாம் என்று ஆட்டினேன். சத்தம் வரவில்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருந்த நாக்கில் மெல்லிய தோல் துண்டு ஒன்றைச் சுற்றி, மெழுகு நூலால் தைத்திருந்தது. தளர்வும் இல்லை, சுருக்கமும் இல்லை, அவ்வளவு கச்சிதமான தையல். ஆடு தூங்குகிறபோது சத்தம் வரக் கூடாது என்று காலா செய்திருப்பார். என்ன நல்ல மனசு என்று தோன்றியது. வாசலில் நின்றுகொண்டே அதைப் பிய்த்துப் போட்டு, நன்றாக அடிக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அந்த மணி நடுவில் பல நாள் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை. காலா கீழே கிடந்த தோல் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போ, பஸ் போய்டும்" என்றார்.

மருத்துவர் அம்மாவின் மணிக்கட்டை அழுத்தி, திருப்பிப் பார்த்தார். வலிக்கிறதா என்றார். அம்மா வலிக்கவில்லை என்றாள். இங்கே? இல்லை. நாற்காலியை ஊன்றி எழுந்திருக்கச் சொன்னார். அம்மா ஒரே மூச்சில் எழுந்து நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஓரம் பிடித்துக்கொண்டிருக்கிறது, நல்ல விஷயம் என்றார் மருத்துவர். நடுவில் எப்படி என்று போகப் போகத்தான் தெரியும், வலியோ உள்ளே சத்தமோ வந்தால் உடனே வந்துவிட வேண்டும் என்றார். அம்மா பெரிதாகத் தலையாட்டினாள். அப்பா வேலூரிலேயே ஸ்வீட் வாங்கினார். நான் சொன்னேன் பார் என்று மாமாவிடம் ஊர் வந்து சேருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அம்மா மறுபடி வாசலுக்கு வந்தாள். மறுபடி பண்டில், ஊசி, இழுப்பு. எனக்குத்தான் வேலை போய்விட்டது. காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திரிந்தேன். அப்படி ஒரு சாயங்காலம், அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தபோது காதுக்குப் பக்கத்தில் 'டக்' என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா பின்னலைப் பாதியில் விட்டாள். பிறகு கையை என் காதோரம் கொண்டுவந்து மெதுவாகத் திருப்பினாள். டக்.

"உள்ள ஒரு ஆள் கீறான். கூப்புட்டா கதவு தட்டுவான். உங்க அப்பா கிட்ட சொல்லாத, ஓடிடுவான்."

ஆட்டு மணியைவிட இது எவ்வளவோ மேல். தினமும் கேட்டேன். வாய்ப்பாடு ஒப்பித்தால் ஒரு டக், பால் குடித்தால் ஒரு டக். தெருப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருத்தர் காதிலும் அம்மா அந்த ஆளைக் கதவு தட்டவைத்தாள். என் அம்மாவின் கைக்குள் ஆள் இருக்கிறான் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குத் தனிப் பெருமை.

இப்போது வேலூரில், சத்துவாச்சாரியில் இருக்கிறோம். அம்மா என்னோடுதான். தைப்பதை நிறுத்தி வெகு காலம் ஆகிவிட்டது. கை மட்டும் இன்னும் எதையாவது தேடிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல், அதை என்னிடம் நீட்டாமல், புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு போராடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்து, சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். இந்த முறை இளவயது மருத்துவர் ஒருவர். படத்தைப் பார்த்தார். பழைய கிழிசல் என்றார். ஓரத்தில் ஒட்டியிருக்கிறது, நடுவில் சேரவே இல்லை, இனி தானாகச் சேராது. மேலே கொஞ்சம் தேய்ந்தும் இருக்கிறது. வலியைக் குறைக்க வழி இருக்கிறது, பார்க்கலாம் என்றார். சொல்லிக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார்.

டக்.

"இந்தச் சத்தம் எப்பலேர்ந்தும்மா இருக்கு?"

"அது இவ மூணாங்கிளாஸ் படிக்கறப்பலேர்ந்து இருக்கு சார். இவளுக்கு இந்தச் சத்தம்னா ரொம்பப் புடிக்கும்."

"அப்ப வலிக்கலையா?"

அம்மா மேஜைமேல் கிடந்த பேனா மூடியை எடுத்து, கழற்றி, மறுபடி மாட்டினாள்.

"இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டின்னு கேட்டுக்கினே இருப்பா" என்றாள்.

வலிக்கிறதா என்று கேட்க வேண்டிய விஷயம் அது என்று, அந்த வயதில் எனக்குத் தெரியவே இல்லை.